காரா ஆந்த்ரிடியத்தில் விந்தணு உருவாக்கம்: எந்தக் குளோபியூலில் எந்தக் கட்டம் கிடைக்கும்?

செல்நோக்கி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். முதுகலைத் தாவரவியல் செய்முறை வகுப்பில் காரா என்ற நன்னீர்ப் பசும்பாசியின் விந்தணு உருவாக்கத்தைக் கட்டம் கட்டமாகக் காட்ட வேண்டும். மாதிரி காரா சைலானிக்கா. நெல்வயல் ஓரத்துத் தெளிந்த நீரில் எடுத்து, அசிட்டிக் அமிலம் 1 பங்கு, ஆல்கஹால் 3 பங்கு கலவையில் நிலைப்படுத்தியது. நன்றாகச் சிவந்த குளோபியூல்களாக (விந்தணு இழைகளை உள்ளே கொண்ட உருண்டையான ஆண் உறுப்பு, அதாவது ஆந்த்ரிடியம்) தேர்ந்து அசிட்டோகார்மைனில் நசுக்கினால், எல்லா இழைகளிலும் எல்லாச் செல்களிலும் ஒரே மாதிரி வளைந்த கருஞ்சிவப்புக் கோடுதான் தெரிகிறது. மைட்டாசிஸ் ஒன்றுகூட அகப்படவில்லை.

செய்முறைக் கையேட்டில் "விந்தணுத் தாய்செல் பிரிந்து விந்தணுக்களைத் தரும்" என்று ஒரு வரி இருக்கிறது. அது மியாசிஸா (குன்றல் பிரிவா) என்று மாணவர்கள் கேட்பார்கள். அதே கையேடு குளோபியூலின் உறையான ஷீல்டு செல்கள் எட்டு என்கிறது, இந்த மாதிரியில் நான்குதான் பிரிகின்றன. ஒரு குளோபியூலுக்கு 20,000 முதல் 50,000 விந்தணு என்ற கணக்கு எப்படி வருகிறது என்பதும் விளங்கவில்லை. உயிருள்ள விந்தணுவைக் காட்டலாம் என்றால் ஸ்லைடில் இரண்டு மூன்று நிமிடத்தில் அசைவு நின்றுவிடுகிறது. வழி சொல்லுங்கள்.

---

வட்டக்கிளை எழுதியது:

தேர்விலேயே சிக்கல் இருக்கிறது நண்பரே. சிவப்பு என்றால் வேலை முடிந்துவிட்டது என்று பொருள். ஷீல்டு செல்களின் பசுங்கணிகங்களில் கரோட்டினாய்டு சேரச் சேரத்தான் குளோபியூல் பச்சையிலிருந்து மஞ்சளாகி ஆரஞ்சுச் சிவப்புக்குப் போகும். செல்பிரிவுகள் பெரும்பாலும் அதற்கு முன்பே முடிந்துவிடும். நீங்கள் பார்க்கும் வளைந்த கோடு, நீண்டு சுருண்ட விந்தணு உட்கரு. அது கடைசிக் கட்டம்.

செடியின் நுனியிலிருந்து கீழே வரும் வட்டக்கிளைகளை முதல், இரண்டாம், மூன்றாம் என்று தனித்தனிச் சிறு குப்பிகளில் நிலைப்படுத்துங்கள். நுனிக்கு மிக அருகில் இருப்பவற்றில் குளோபியூல் வெறும் கண்ணுக்குப் புள்ளியாகக்கூடத் தெரியாது, டிசெக்‌ஷன் நுண்ணோக்கியில் வெளிர்பச்சை உருண்டையாக இருக்கும். முதிர்ந்தது அரை மில்லிமீட்டரை ஒட்டி வரும். அதில் பாதிக்கும் குறைவான விட்டமுள்ள பச்சை உருண்டைகளில்தான் மைட்டாசிஸ் தேட வேண்டும். ஒரு குப்பிக்கு 10 குளோபியூலாவது வேண்டும். காரணம், ஒரே இழையின் செல்கள் எல்லாம் ஒன்றாகப் பிரியும். பிரியாத நேரத்தில் நிலைப்படுத்தினால் 64 செல் இழையில்கூட ஒரு மெட்டாஃபேஸ் இருக்காது. சரியான நேரம் அமைந்தால் இழை முழுக்க மெட்டாஃபேஸாக நிற்கும். காலை தொடங்கி இரண்டு மணிக்கொரு தடவை ஒரு தொகுதி நிலைப்படுத்தினால் இந்த அதிர்ஷ்டக் கணக்கு தீரும்.

சுண்ணாம்பையும் கவனியுங்கள். காராவின் தண்டில் கால்சியம் கார்பனேட் படிந்திருக்கும். அப்படியே அமிலக் கலவையில் போட்டால் நுரைத்துக் குமிழி ஏறும், அமிலத்தில் ஒரு பங்கு சுண்ணாம்பைக் கரைக்கவே செலவாகிவிடும். செடித் துண்டைக் கழுவி, குளோபியூல் உள்ள வட்டக்கிளையை மட்டும் நறுக்கிப் போடுங்கள். கலவை மாதிரியைப்போல் குறைந்தது 20 மடங்கு இருக்கட்டும். 24 மணி நேரம் கழித்து 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றிவிட்டால் குளிர்பெட்டியில் மாதக்கணக்கில் கெடாது.

நசுக்கும்போது முழுக் குளோபியூலையும் கவர்ஸ்லிப்புக்கு அடியில் வைத்து அழுத்தக் கூடாது. ஷீல்டு செல் தடிமனானது. அது தாங்கிக்கொண்டு நிற்க, இழைகள் பரவாமல் குவிந்து கிடக்கும். 45 சதவீத அசிட்டிக் அமிலச் சொட்டில் இரண்டு ஊசியால் ஷீல்டு செல்களை விரித்து எடுத்துவிட்டு, நடுவில் இருக்கும் இழைக்கொத்தை மட்டும் புதிய சாயச் சொட்டுக்கு மாற்றுங்கள்.

---

மனுப்ரியம் எழுதியது:

ஷீல்டு செல் விஷயத்தில் உங்கள் மாதிரி சரியாகத்தான் இருக்கிறது. எட்டு என்பது பெரும்பாலான காரா இனங்களுக்கான எண். சைலானிக்கா தொகுதியில் நான்கு ஷீல்டு செல் கொண்ட குளோபியூல்கள் உண்டு. டெட்ராஸ்குட்டேட் (நான்கு ஷீல்டு), ஆக்டோஸ்குட்டேட் (எட்டு ஷீல்டு) என்று வகைப்பாட்டிலேயே அதை ஒரு பண்பாக வைத்திருக்கிறார்கள். இந்த இனத்தின் வளர்ச்சி உருவியலைச் சென்னையில் வி. எஸ். சுந்தரலிங்கம் 1950களில் விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். எம். ஓ. பி. அய்யங்கார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய பாசியியல் மரபில் வந்த ஆய்வு அது. கையேட்டுப் படம் காரா வல்காரிஸ் போன்ற இனத்தைப் பார்த்து வரைந்ததாக இருக்கும். மாணவர்கள் தாங்கள் கண்டதைத்தான் வரைய வேண்டும்.

எண்ணிக்கைக் கணக்கை எட்டு ஷீல்டு உள்ள இனத்தில் வைத்துப் பாருங்கள். குளோபியூலின் தொடக்கச் செல், காம்புச் செல்லைப் பிரித்த பிறகு, ஒன்றுக்கொன்று செங்குத்தான பிரிவுகளால் எட்டாகிறது. அந்த எட்டும் பரப்புக்கு இணையாக இரண்டு தடவை பிரிந்து மூன்றடுக்காகின்றன. வெளியில் ஷீல்டு, நடுவில் மனுப்ரியம், உள்ளே முதல்நிலைக் கேபிட்டுலம். ஒவ்வொரு முதல்நிலைக் கேபிட்டுலமும் ஆறு இரண்டாம்நிலைக் கேபிட்டுலம் தரும், ஆக 48. ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு முதல் நான்கு இழைகள். நான்கு என்று வைத்தால் 192 இழை. இழைக்கு 200 செல் என்றால் 38,400 விந்தணு. இழைக்கு 64 செல்தான் என்றால் 12,288. ஒரு செல்லுக்கு ஒரு விந்தணு, அவ்வளவே. சில கிளைகளில் மூன்றாம்நிலைக் கேபிட்டுலமும் வரும், அப்போது எண் ஏறும். எனவே 20,000 முதல் 50,000 என்பதை எல்லா இனத்துக்கும் பொருந்தும் எண்ணாகச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். வகுப்பில் ஐந்து இழையின் செல்களை எண்ணச் சொல்லி, கிடைத்த சராசரியைக் கொண்டு பெருக்கச் சொல்லுங்கள்.

மனுப்ரியம், கேபிட்டுலம் செல்களின் உட்கருவைப் பார்த்து ஏமாறவும் வாய்ப்பு உண்டு. அவை பிரியாமலே டி.என்.ஏ.வைப் பெருக்கிக்கொண்டு பெரிதாகும். இழைச் செல்லின் உட்கருவுக்குப் பக்கத்தில் பூதாகாரமாகத் தெரியும். மாணவர் குறிப்பேட்டில் அதற்கு "டிப்ளாயிட் செல்" என்று பெயர் விழுந்துவிடக் கூடாது.

---

ஒருமடி எழுதியது:

மியாசிஸ் கேள்விக்கு வருகிறேன். இங்கே கறாராக இருக்க வேண்டும்: காராவின் விந்தணு உருவாக்கத்தில் மியாசிஸ் கிடையாது. செடியே ஹாப்ளாயிட், அதாவது ஒற்றைக் குரோமோசோம் தொகுதி கொண்டது. இழையின் பிரிவுகள் எல்லாம் மைட்டாசிஸ். குன்றல் பிரிவு, கருவுற்ற முட்டையிலிருந்து உண்டாகும் ஊஸ்போர் முளைக்கும்போது நடக்கிறது. அங்கே உண்டாகும் நான்கு உட்கருக்களில் ஒன்று நிலைத்து மூன்று அழியும் என்பதுதான் ஏற்கப்பட்ட விளக்கம். விலங்குகளின் விந்தணு உருவாக்கத்தைப் படித்துவிட்டு வரும் மாணவர் "தாய்செல்" என்ற சொல்லைக் கண்டதும் நான்காகப் பிரித்துவிடுவார். காராவில் அந்தத் தாய்செல் பிரியாமலே முழுதாக ஒரு விந்தணுவாக மாறுகிறது.

இதில் நுட்பமான ஒரு சிக்கலும் இருக்கிறது. டி.என்.ஏ.வைச் சாயமேற்றும் ஃபியூல்கன் சாயத்தின் செறிவை அளப்பவர்களுக்குக் கடைசிப் பிரிவுக்குப் பின் உள்ள செல்களில் டி.என்.ஏ. பாதியாகக் குறைந்தது போலத் தோன்றும். பிரிந்துகொண்டிருக்கும் இழைச் செல்களுக்கு ஜி1 கட்டமே (டி.என்.ஏ. இரட்டிப்புக்கு முந்தைய இடைவெளி) இல்லை. மைட்டாசிஸ் முடிந்த கையோடு டி.என்.ஏ. இரட்டிப்பைத் தொடங்கிவிடும், ஆகவே எப்போது பார்த்தாலும் பெரும்பாலும் 2சி அளவில் (இரட்டித்த டி.என்.ஏ., இரட்டிக்காதது 1சி) இருக்கும். கடைசித் தலைமுறைச் செல் மட்டும் இரட்டிக்காமல் 1சி அளவிலேயே நின்று விந்தணுவாகிறது. இது குன்றல் அல்ல, இரட்டிப்பு நடக்காமல் விட்டது மட்டுமே. போலந்தின் லோட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காரா வல்காரிஸில் இதைப் பல ஆண்டுகள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஒத்த நேரப் பிரிவுக்குக் காரணம் பிளாஸ்மோடெஸ்மேட்டா, அதாவது செல் சுவரின் ஊடே செல்களை இணைக்கும் நுண்கால்வாய்கள். இழைச் செல்கள் அனைத்தும் திறந்த பிளாஸ்மோடெஸ்மேட்டாவால் இணைந்திருப்பதால் ஒரே சமயத்தில் பிரிகின்றன, எண்ணிக்கையும் 2, 4, 8, 16, 32, 64 என்று போகிறது. இழையின் நடுவே ஒரு சுவரில் இவை அடைபட்டால் அதற்கு இந்தப் பக்கம் ஒரு கட்டமும் அந்தப் பக்கம் வேறு கட்டமும் தெரியும். அப்படி ஓர் இழை கிடைத்தால் தூக்கிப்போடாதீர்கள், வகுப்புக்கு அதைவிட நல்ல ஸ்லைடு இல்லை. பிரிவுக்குப் பிரிவு செல்லின் நீளம் குறைந்துகொண்டே வரும். 4 செல் இழையில் நீண்ட செல்கள், கடைசியில் தட்டையான வில்லைகள். ஆக, செல்லின் வடிவத்தைப் பார்த்தே எத்தனையாவது பிரிவு என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

குரோமோசோம் எண்ணவும் இந்த இழைதான் வழக்கமான பொருள். காராவில் 14, 28, 42 என்று 14இன் மடங்குகளாக எண்கள் வருகின்றன.

---

செல்நோக்கி கேட்டது:

தெளிவாகிவிட்டது, அனைவருக்கும் நன்றி. மேலும் இரண்டு. பிரிவு நின்ற பிறகு உருண்டை உட்கரு சுருள் கோடாக மாறும் இடைக்கட்டங்களை ஒளி நுண்ணோக்கியில் எப்படி அடையாளம் காண்பது? கார்மைனில் சைட்டோபிளாசமும் சேர்ந்து சிவந்து விளிம்பு மங்குகிறது. உயிருள்ள விந்தணு கேள்வியும் அப்படியே நிற்கிறது.

---

ஒருமடி எழுதியது:

கார்மைனை விட்டுவிட்டு ஃபியூல்கனுக்குப் போங்கள். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 8.3 மி.லி.யை நீரில் சேர்த்து 100 மி.லி. ஆக்கினால் 1 நார்மல். அதை முன்கூட்டியே 60 டிகிரிக்குச் சூடாக்கிவைத்து, கழுவிய குளோபியூலை 10 நிமிடம் அதில் வையுங்கள். குளிர்ந்த அமிலத்தில் போட்டுச் சூடாக்கினால் நேரக் கணக்கே தப்பு. பிறகு குளிர்ந்த நீரில் கழுவி, ஷிஃப் கரைசலில் இருட்டில் ஒரு மணி நேரம். சல்ஃபைட் நீரில் மூன்று தடவை மாற்றி, 45 சதவீத அசிட்டிக் அமிலத்தில் விரித்து நசுக்கலாம். ஷிஃப் கரைசல் நிறமற்றோ வெளிர் வைக்கோல் நிறத்திலோ இருக்க வேண்டும். இளஞ்சிவப்பு ஏறியிருந்தால் கெட்டுவிட்டது, பின்னணியெல்லாம் சிவக்கும். முதிர்ந்த விந்தணு உட்கரு மட்டும் வெளிறித் தெரிந்தால் அமில நேரத்தை 12 நிமிடமாக்கிப் பாருங்கள். இறுகிய குரோமாட்டின் நீராற்பகுப்புக்கு அவ்வளவு எளிதில் இடம் கொடுக்காது.

இப்போது கட்டங்கள். முதலில் உட்கரு வட்டமாகச் செல்லின் நடுவில் இருக்கும். அடுத்து பக்கச் சுவரை நோக்கி ஒதுங்கும். பிறகு நீண்டு பிறை வடிவம் எடுத்து, சுவரை ஒட்டியே வளைந்து, ஒரு சுற்றைத் தாண்டிச் சுருளும். இந்த நீட்சிக்கு வழிகாட்டி நுண்குழல்களாலான பட்டை. உட்கரு அந்தப் பட்டையை ஒட்டித்தான் நீளுகிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இதை 1960களின் இறுதியில் பிக்கெட்ஹீப்ஸும், முதிர்ந்த விந்தணுவை 1970இல் டென்மார்க்கின் மோஸ்ட்ரப்பும் காட்டினார்கள். காராவின் உடலச் செல்களில் சென்ட்ரியோல் இல்லை. விந்தணு இழைகளில்தான் அது தோன்றுகிறது, கசையிழைகளின் அடித்துகள்களுக்கு மூலமும் அதுவே.

உட்கருவுக்குள் நடப்பதும் சாதாரணமல்ல. ஹிஸ்டோன்கள் வெளியேறி, அவற்றின் இடத்தில் புரோட்டமின் வகைப் புரதங்கள் வந்து உட்காருகின்றன. குரோமாட்டின் முதலில் நாரிழையாகவும் தகடாகவும் அடுக்கப்பட்டு, பிறகு ஒரே இறுக்கமான கோலாகிறது. விலங்கு விந்தணுவில் நடப்பதற்கு இவ்வளவு நெருக்கமான மாற்றம் ஒரு குளத்துப் பாசியில் நடக்கிறது என்பது மாணவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம்.

முடிவில் கிடைக்கும் விந்தணுவுக்கு மூன்று பகுதி. முன்பகுதியில் மைட்டோகாண்ட்ரியாக்கள், காரா கோரல்லைனாவில் சுமார் 30, ஒரே வரிசையில். நடுவில் உட்கரு. பின்பகுதியில் மாவுச்சத்து நிறைந்த பிளாஸ்டிடுகள், சுமார் ஆறு. முன்முனைக்குச் சற்றுக் கீழே இரண்டு கசையிழைகள் கிளம்பிப் பின்னோக்கி நீளும். உடலும் கசையிழையும் நுண்ணிய செதில்களால் மூடியிருக்கும். செதில் ஒளி நுண்ணோக்கியில் தெரியாது, படத்தில் வரைய வேண்டாம்.

---

வட்டக்கிளை எழுதியது:

உயிருள்ளதைப் பார்க்கக் குளோபியூலை நசுக்கவே கூடாது. நன்கு சிவந்த குளோபியூல் உள்ள வட்டக்கிளையைச் செடி வளர்ந்த அதே நீரில், வடிகட்டி எடுத்து, குழி ஸ்லைடில் காலையில் வையுங்கள். விந்தணு வெளியேற்றம் பெரும்பாலும் காலை நேரத்தில்தான். குழாய் நீரின் குளோரின் விந்தணுவை நிறுத்திவிடும். காய்ச்சி வடித்த நீரும் வேண்டாம், உப்புச் சமநிலை குலையும். ஷீல்டு செல்கள் தாமாக விலகி, இழைகள் கொத்தாக வெளியே சரியும். அப்போது 40எக்ஸில் பார்த்தால், செல்லுக்குள் இருக்கும்போதே விந்தணுக்கள் துடித்துத் திரும்புவது தெரியும். பிறகு செல் சுவரின் துளை வழியே ஒவ்வொன்றாக வெளியே வரும்.

இரண்டு நிமிடத்தில் நின்றுபோவதற்குக் காரணங்கள் வழக்கமானவை: கவர்ஸ்லிப்பின் அழுத்தம், ஆலசன் விளக்கின் சூடு, ஆக்சிஜன் தீர்ந்துபோவது. கவர்ஸ்லிப்பின் நான்கு மூலையிலும் துளி வாசலின் வைத்து உயர்த்துங்கள், எல்.ஈ.டி. விளக்கு போடுங்கள், கண்டென்சரின் துளையைப் பாதியாகக் குறையுங்கள். டயஃப்ரம் முழுக்கத் திறந்திருந்தால் விந்தணு எதிரே ஓடினாலும் கண்ணில் படாது.

கசையிழையைக் காட்ட, கவர்ஸ்லிப் ஓரத்தில் ஒரு துளி நீர்த்த அயோடின் விட்டு எதிர்ப்பக்கம் வடிதாளால் இழுங்கள். அயோடின் 1 கிராம், பொட்டாசியம் அயோடைடு 2 கிராம், நீர் 300 மி.லி. போதும். விந்தணு நின்று, கசையிழைகள் பழுப்பாகத் தெரியும். பின்முனையில் மாவுச்சத்துத் துகள்கள் கருநீலமாகும். மனுப்ரியம் சொன்ன இனத்தில், அதாவது உங்கள் சைலானிக்காவில், குளோபியூலுக்கு நேர் மேலே நியூக்யூல் (பெண் உறுப்பு) உட்கார்ந்திருக்கும். ஊசி பட்டு அது உடைந்தால் முட்டைச் செல்லின் மாவுச்சத்து சொட்டு முழுக்கக் கொட்டி, எங்கு பார்த்தாலும் கருநீலத் துகளாக இருக்கும். அயோடின் சோதனைக்கு முன் நியூக்யூலைக் கூரிய பிளேடால் முழுதாக நீக்கிவிடுங்கள். நிட்டெல்லாவில் இந்த இடம் மாறும், குளோபியூல் நுனியில் இருக்க நியூக்யூல் அதற்குக் கீழே வரும்.

---

பச்சைநீர் எழுதியது:

காராவின் இழையைப் படித்த மாணவர் "பசும்பாசி எல்லாம் இப்படித்தான்" என்று எழுதிவிடாமல் இருக்க, பக்கத்திலேயே இரண்டு மாதிரி வைப்பது நல்லது.

வால்வாக்ஸ் கார்டேரியில் இழையோ உறையோ கிடையாது. ஆண் கோளத்தின் ஆண்ட்ரோகோனிடியம் என்ற பெரிய செல் அடுத்தடுத்துப் பிரிந்து 64 அல்லது 128 விந்தணு கொண்ட ஒரு பொதியாகிறது. பொதி உட்புறம் வெளியாகத் திரும்பி, மொத்தமாக நீந்திப் பெண் கோளத்தை அடைந்த பிறகுதான் தனித்தனியாகப் பிரியும். ஆண், பெண் கோளங்கள் உண்டாவதைத் தூண்டுவது பாலினத் தூண்டி என்ற கிளைக்கோபுரதம், நம்ப முடியாத அளவு நீர்த்த செறிவிலேயே வேலை செய்யும். ஆண் வளர்ச்சியை முடிவு செய்யும் மிட் என்ற மரபணுவின் பங்கு 2014இல் நிறுவப்பட்டது. இங்கும் மியாசிஸ் சைகோட் முளைக்கும்போதுதான்.

ஊடோகோனியத்தில் கதை இன்னும் சுருக்கம். இழையின் செல் ஏற்றத்தாழ்வாகப் பிரிந்து குட்டையான ஆந்த்ரிடியங்களை வரிசையாகத் தரும். பெரும்பாலான இனங்களில் ஒன்றுக்கு இரண்டு விந்தணு. ஒவ்வொரு விந்தணுவுக்கும் தலைப்பக்கம் சுமார் 30 கசையிழைகள் வளையமாக நிற்கும். அதே பாசியின் சூஸ்போரில் அந்த வளையம் சுமார் 120. நானாண்ட்ரஸ் இனங்களில் ஆண்ட்ரோஸ்போர் (நீந்தும் சிறு வித்து) பெண் உறுப்பான ஊகோனியத்தின் மீதோ அருகிலோ ஒட்டிக் குட்டை ஆண் செடியாக வளர்ந்து, அதில்தான் ஆந்த்ரிடியம் உண்டாகும். முதல்முறை பார்ப்பவர் அதை ஒட்டுண்ணிப் பாசி என்று ஒதுக்கிவிடுவதுண்டு.

கோலியோகீட்டும் காராவும் நிலத்தாவர வரிசைக்குப் பக்கத்தில் வருபவை. அவற்றின் விந்தணுவில் உள்ள பல்லடுக்கு அமைப்பு மாஸ் தாவரங்களிலும் பெரணிகளிலும் திரும்ப வருகிறது என்பதுதான் இந்த உறவுக்குச் செல்லுக்குள் கிடைத்த பழைய சான்று. 2018இல் வெளியான காரா பிராவ்னி ஜீனோம் அதற்கு மரபணு அளவில் துணை சேர்த்தது.

---

செல்நோக்கி கேட்டது:

பச்சைக் குளோபியூல் ஆண்டு முழுக்கக் கிடைக்கச் செடியை வகுப்பறையிலேயே வளர்க்க முடியுமா? வயல் நீர் வற்றியதும் மாதிரி போய்விடுகிறது.

---

வட்டக்கிளை எழுதியது:

முடியும். 5 லிட்டர் கண்ணாடி ஜாடியில் 4 முதல் 5 செ.மீ. உயரத்துக்குத் தோட்ட மண்ணும் ஆற்று மணலும் சம அளவு, மேலே ஒரு விரல் மணல். மண்ணை ஒரு மணி நேரம் ஆவியில் வேகவைத்து ஆறவிடுங்கள். இல்லாவிட்டால் நீலப்பசும்பாசி முந்திக்கொள்ளும். எரு, உரம் எதுவும் வேண்டாம். பாஸ்பரஸ் ஏறினால் நீர் பச்சையாகி, வெளிச்சமில்லாமல் காரா அழுகும். சுண்ணாம்புச் சத்துள்ள கிணற்று நீர் நல்லது. கணுக்கள் மூன்று உள்ள துண்டின் கீழ்க்கணுவை மண்ணில் புதைத்து, நேர் வெயில் படாத சன்னலோரம் வையுங்கள், அல்லது நாளுக்கு 14 மணி நேரம் எல்.ஈ.டி. வெளிச்சம். வெளிச்ச நேரம் குறைந்தால் செடி நீளும், குளோபியூல் வராது. வயலிலிருந்து வரும் துண்டில் நத்தை முட்டைகள் ஒட்டியிருக்கும், வட்டக்கிளையின் இடுக்குகளைத் தூரிகையால் தேய்த்துக் கழுவிய பிறகே நடுங்கள். நத்தை புகுந்த ஜாடியில் இளம் நுனிகள்தான் முதலில் போகும், உங்களுக்கு வேண்டிய பச்சைக் குளோபியூல்கள் இருப்பதும் அங்கேதான்.